உட்கார மட்டும்

அண்ணனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த ஒன்பதாம் நாள், காலை ஏழரை மணிக்கு அண்ணி வேலைக்குக் கிளம்பினாள். வழக்கமான சாம்பல் நிறச் சட்டை, முட்டிக்குக் கீழே மடித்துவிட்ட கால்சட்டை, தோளில் துடைக்கும் துணி. காஸ் அடுப்பின் குமிழை மூன்று முறை திருகிப் பார்த்தாள். வெளியே வந்து பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழாத மனுஷியைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே ஆகாது. அதுவும் செத்தது என் கூடப்பிறந்தவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். ஏரிக்கரைப் படகுக் கொட்டகை. நான் அங்கே சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டுக் கொடுப்பவள். எட்டு வருடத்துக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து அண்ணன் வீட்டில் இறங்கினேன், இன்னும் கிளம்பவில்லை. வாய் கொஞ்சம் அதிகம். அண்ணன் கயாக்கில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருகிறவன். கயாக் என்றால் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகு வைத்த துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஒல்லிப் படகு. தண்ணீரை விட்டு ஏறவே மாட்டான் என்பதால் கொட்டகையில் அவனுக்கு வாத்து என்று பெயர். அண்ணி, படகுகளையும் சாமான்களையும் சரிபார்ப்பவள். அவள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு துடுப்புகூடத் தண்ணீரைத் தொடாது.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையே தனி. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு துணி ஆலையில் தையல் சரிபார்த்தவள். ஆலையை மூடினார்கள். லைஃப் ஜாக்கெட்டுகளில் கிழிந்த வார்களைத் தைத்துக் கொடுக்க இரண்டு நாள் ஆள் வேண்டும் என்று அண்ணன்தான் கூட்டிவந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் மேனேஜரிடம் போய், "தைச்சுட்டேன் சார். ஆனா இதுல பாதி ஆளைக் காப்பாத்தாது" என்றாள். மேனேஜர் சிரித்தார். அவள் ஒரு ஜாக்கெட்டை எடுத்து, எடை போடும் இரும்புக் கட்டிகளில் ஏழு கிலோவைக் கட்டி, படகு கழுவும் சிமெண்ட் தொட்டியில் போட்டாள். கல்லைப் போட்ட மாதிரி போயிற்று. மேனேஜர் சிரிப்பை மென்று முழுங்கிவிட்டு, நாளையிலிருந்து வா என்றார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை அவளிடம்தான் பார்க்க வேண்டும். கயாக்கைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கம் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவாள், பானை வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. விரிசல் இருந்தால் சத்தம் மாறும். பின்பக்கம் தண்ணீர் வடிகிற துளைக்கு ஒரு திருகு மூடி உண்டு. அது இல்லாமல் படகை இறக்கினால் கால் மணி நேரத்தில் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். அதை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்குவாள். படகின் இரண்டு நுனியிலும் காற்றுப் பை இருக்கும், கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் இருக்க. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். உபரித் துடுப்பு, இழுவைக் கயிறு, தண்ணீர் இறைக்க வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேன், எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அண்ணன் அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவான். "என்னையும் ஒரு நாள் கவுத்துப் போட்டுத் தட்டிப் பாரேன்" என்பான். "உங்க தலையத் தட்டினா வெறும் சத்தம்தான் வரும்" என்பாள்.

கடைசியில் ஜாக்கெட்டுகள். நாற்பது ஜாக்கெட், ஒவ்வொன்றுக்கும் நம்பர். பக்கிளைப் பூட்டி மூன்று இழுப்பு. தோள் வார் இரண்டையும் பிடித்துத் தூக்கி ஒரு உதறு. மார்பில் தொங்கும் விசிலைத் துணியால் துடைத்து ஒரே ஒரு ஊது. மூன்று தடவை சேர்ந்தாற்போல ஊதினால் ஆபத்து, ஓடிவா என்று அர்த்தம். அதனால் சரிபார்க்கும்போது ஒன்றுதான். மோட்டார் படகு ஓட்டும் மோட்டார்காரர் அந்நேரம் தன் அறை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருப்பார். "ஆரம்பிச்சாச்சா" என்று நுரையோடு சொல்லிவிட்டு உள்ளே போவார். ஆபத்து என்றால் முதலில் போகிறவர் அவர்.

வருடத்துக்கு இரண்டு தடவை எல்லா ஜாக்கெட்டையும் தொட்டியில் போட்டுப் பார்ப்பாள். உள்ளே இருக்கும் பஞ்சு நாளாக நாளாக அமுங்கிப்போகும், தூக்கும் சக்தி குறையும். அதற்காகவே ஜாக்கெட்டைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் கத்துவாள். ஏழு கிலோவைத் தூக்காத ஜாக்கெட் அவள் கணக்கில் செத்த ஜாக்கெட். முதலில் விசிலைக் கழற்றி வேறு ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்வாள். பிறகு பெரிய கத்திரியால் இரண்டு தோள் வாரையும் வெட்டி மூட்டையில் போடுவாள். ஏன் வெட்டணும், சும்மா தூக்கிப் போட்டால் ஆகாதா என்று நான் ஒரு தடவை கேட்டேன். "தூக்கிப் போட்டா யாராவது எடுத்துப் போட்டுப்பாங்க. வெட்டினாத்தான் அது ஜாக்கெட் இல்லன்னு தெரியும்" என்றாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. சொல்லித்தானே ஆக வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. அண்ணன் தன்னோடு போன ஆறு பேரையும் ஒழுங்காகக் கரை சேர்த்துவிட்டான். எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பியவன், தூரத்தில் ஒரு ரப்பர் படகு கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான். மீன் பிடிக்க வந்த யாரோ ஒரு ஆள், எங்கள் கொட்டகைக்குச் சம்பந்தமே இல்லாதவர். ஜாக்கெட் கிடையாது. அண்ணன் மோட்டார்காரரிடம் கையைக் காட்டிவிட்டு முன்னால் கயாக்கில் போய்விட்டான். மோட்டார்காரர் பெட்ரோல் ஊற்றிக் கிளம்பப் பத்து நிமிடம் ஆயிற்று.

மற்றதை அந்த மீன்பிடி ஆள்தான் வந்து சொன்னார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் டீயை வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னார். அண்ணன் போன உடனே தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டானாம். "நீங்கன்னு கேட்டேன். எங்கிட்ட இன்னொண்ணு இருக்குன்னு சொன்னார். உக்காந்திருந்த எடத்துலேர்ந்து உருவிப் போட்டுக்கிட்டார்." பிறகு அவர் கயாக்கைப் பிடித்து ஏறப் பார்த்ததில் அதுவும் கவிழ்ந்தது. விசிலை ஊது என்று அண்ணன் சொல்ல, அவர் ஊதிக்கொண்டே இருந்தார். காற்று படகுகளை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போக, இருவரும் பிரிந்துபோனார்கள். "கடைசியாப் பாக்கும்போது தாடைக்கு மேல தண்ணி இருந்துச்சு. ஒரு கையால நெஞ்சைத் தடவிக்கிட்டே இருந்தார். எதையோ தேடுற மாதிரி. என்னன்னு தெரியல."

மோட்டார்காரர் விசில் சத்தத்தை வைத்து வந்து அந்த ஆளைத் தூக்கிவிட்டார். பிறகு இரண்டு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு, இன்னொரு விசில் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார். கேட்கவில்லை. அண்ணன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது.

அந்த ஆள் போன பிறகு அண்ணி டீ டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். நான் அழுது முடித்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்கும் எதுவும் வரவில்லை. சாப்பிட்டால் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் நான் அழுதாவது இருந்தேன். அவள் துணியைக் காயப்போட்டாள், எடுத்தாள், மடித்தாள். அண்ணனின் சட்டையையும் மடித்து அவன் அலமாரியிலேயே வைத்தாள்.

வேலைக்குப் போன அந்த ஒன்பதாம் நாள்தான் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் அண்ணியின் சோதனை நோட்டு திறந்து கிடந்தது. அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். அண்ணியின் குண்டுக் குண்டான கையெழுத்து, நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

'எண் 9. தேறவில்லை. விசில் 31க்கு. உட்கார மட்டும்.'

தேறவில்லை என்றிருந்த மற்ற எல்லா வரியிலும் கடைசிச் சொல் 'வெட்டியாச்சு' என்றுதான் இருந்தது. இந்த ஒரு வரியில்தான் இல்லை. ஒன்பது அண்ணனின் பழைய ஜாக்கெட். அவன் படகில் மெத்தென்று எதையோ போட்டு உட்காருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அது என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார் என்று அந்த ஆள் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விசிலைத் தேடியிருக்கிறான். இல்லாத விசிலை.

"வியாழக்கிழமை அதிகாரி வர்றார்" என்றார் மேனேஜர். "இதைப் பார்த்தார்னா உங்க அண்ணிமேல கேஸ், கொட்டகைக்குப் பூட்டு. ஒரே ஒரு வார்த்தை. வெட்டியாச்சுன்னு அவங்க கையாலேயே எழுதிட்டா, உங்க அண்ணனே மூட்டையிலேர்ந்து எடுத்து ஒட்டுப்போட்டு வச்சிக்கிட்டார்னு ஆயிடும். போனவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது. வார் ரெண்டையும் வெட்டித் தைச்ச மாதிரி பண்ணித் தர ஆள் இருக்கு. ஜாக்கெட்டை எடுத்துட்டுப் போன ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார். நீ பேசு."

அவர் முகத்துக்கு நேரே நான் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் அந்த வேலையை நம்பித்தான் சாப்பிடுகிறேன், அண்ணியும் அப்படித்தான். பழியை அண்ணன்மேல் போட்டால் நாங்கள் இரண்டு பேரும் தப்பிக்கலாம். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். அவள் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அண்ணி வெட்டல?" என்றேன். கேட்க நினைத்தது அதையல்ல, வாய் முந்திக்கொண்டது.

"முதுகு வலிக்குதுன்னார். கத்திரியை எடுத்துட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்ஸ்பெக்டரம்மா, ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கோயேன், உக்கார மட்டும்னார். சிரிப்பு வந்துடுச்சு. எழுதிட்டேன்."

"ஊரையே வெட்டுவீங்க. உங்க வீட்டுக்காரர்னா மட்டும் வெட்ட மாட்டீங்களா? நீங்கதான் அவனைக் கொன்னீங்க."

சொல்லிவிட்டேன். ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்தது இதுதான் போலிருக்கிறது. திட்டுவாள், அடிப்பாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று பார்த்தேன்.

"ஆமா" என்றாள். தட்டைத் தட்டின்மேல் வைத்தாள். "அது அங்க இல்லன்னா அவர் தன்னோடதைக் கழட்டியிருக்க மாட்டார். அந்த ஆளைப் படகு நுனியில தொங்கவிட்டு இழுத்துட்டு வந்திருப்பார். எங்கிட்ட இன்னொண்ணு இருக்குன்னு சொன்னாராமே."

அண்ணன் எப்படியும் கழற்றித்தான் கொடுத்திருப்பான், அவன் அப்படிப்பட்ட மடையன் என்று சொல்ல நினைத்தேன். அது நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் வேறு ஒன்றைச் சொன்னேன். "எழுதிடுங்க அண்ணி. ஒரு வார்த்தைதானே. அவன் போயிட்டான்."

அவள் காஸ் குமிழைத் திருகிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான ஆள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஒன்பதாம் நம்பர் ஜாக்கெட், வெளுத்துப்போன ஆரஞ்சு, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது. மேனேஜருக்குத் தெரிந்தவரால் ஒன்றும் முடியவில்லை போலும், வார் இரண்டும் முழுசாக இருந்தன. மேனேஜர் விடவில்லை.

"கழிச்ச மூட்டையிலேர்ந்து அவரா எடுத்திருப்பார் சார். நாங்க எல்லாத்தையும் வெட்டிடுவோம். இதைக் கவனிக்காம விட்டிருப்பாங்க."

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். அண்ணி நோட்டை எடுத்து, நான்கு மாதப் பக்கங்களைப் புரட்டி, அந்த வரியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். புதிதாக ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

"கவனிச்சுத்தான் விட்டேன் சார்" என்றாள்.

அதிகாரி வாசித்தார். "உட்கார மட்டும்னா?"

"படகுல போட்டு உக்கார்றதுக்கு. ஜாக்கெட்டா போடறதுக்கு இல்ல. வெட்டியிருக்கணும். நான் வெட்டல."

"விசில் முப்பத்தொண்ணுக்குன்னு இருக்கே?"

"கழட்டி முப்பத்தொண்ணாம் நம்பர்ல மாட்டிட்டேன் சார். அது நல்ல விசில்."

அதிகாரி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுதினார். மேனேஜர் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டைச் சோதித்துக் காட்ட முடியுமா என்று அதிகாரி கேட்டார். வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

அவள் தொட்டிக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். ஏழு கிலோ கட்டினாள், மூழ்கியது. ஆறு, மூழ்கியது. ஐந்துக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு மூழ்கியது. நான்கு கிலோவுக்குத்தான் நின்றது, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல. "நாலு" என்றாள். கொக்கியால் இழுத்து, பிழிந்து, இரும்புகளை அவிழ்த்து அளவு வாரியாக அடுக்கினாள். இடுப்பிலிருந்து பெரிய கத்திரியை எடுத்தாள்.

"இப்போ வெட்டலாங்களா சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடியாதும்மா. இது சாட்சிப் பொருள். முழுசா எங்ககிட்டதான் இருக்கணும்."

அண்ணி கத்திரியைத் திரும்பச் செருகிக்கொண்டாள். ஜாக்கெட்டை மடித்து அவளே பைக்குள் வைத்தாள்.

"அப்போ உள்ள எங்கேயாவது வச்சுப் பூட்டிடுங்க சார். வெளிய தொங்கவிடாதீங்க. யாராவது எடுத்துப் போட்டுப்பாங்க."

நான் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவும் இல்லை.

கொட்டகை மூன்று வாரம் மூடிக் கிடந்தது. அண்ணிமேல் நடவடிக்கை என்ன என்பது இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. அதுவரை அவள் நோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது என்று கடிதம் வந்தது. வேலையை விட்டு நிறுத்த மேனேஜர் எவ்வளவோ பார்த்தார். பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் சரிபார்ப்பது, நான் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. சீட்டுக் கொடுப்பவளுக்கு வந்த பதவி உயர்வு.

திறந்த முதல் நாள் காலை, ஏழே முக்கால். காற்று இல்லை, ஏரி அசையாமல் கிடந்தது. கயாக்குகளைத் தட்டி முடித்தாள். அண்ணனின் படகையும் தட்டினாள். உள்ளே உட்காரும் இடம் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது. அதையும் துணியால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு ஜாக்கெட்டுகள். ஒன்று, மூன்று இழுப்பு, ஒரு உதறு, ஒரு ஊது. நான் நோட்டில் குறி போட்டேன். இரண்டு. மூன்று. எட்டுக்குப் பிறகு பத்து. மோட்டார்காரர் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். ஆரம்பிச்சாச்சா என்று கேட்கவில்லை, எங்களைப் பார்த்தும் பார்க்காததுமாக உள்ளே போய்விட்டார்.

முப்பது. முப்பத்தொன்று.

பக்கிளை இழுத்தாள். தோள் வாரைத் தூக்கி உதறினாள். விசிலைத் துணியால் துடைத்தாள், வழக்கத்தை விட அதிக நேரம். வாயில் வைத்து ஊதினாள். ஊதியவள் விசிலை எடுக்கவில்லை. மறுபடி ஊதினாள். மூன்றாம் தடவை, மூச்சு முழுக்க, நீளமாக.

அறைக்கதவு சுவரில் மோதியது. மோட்டார்காரர் பனியனோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, படகுச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நேராகத் தண்ணீருக்குத்தான் ஓடினார். படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஏரியில் யாரும் இல்லாததைப் பார்த்து, திரும்பி எங்களைப் பார்த்தார்.

"என்னாச்சும்மா? யாரு?"

அண்ணி முப்பத்தொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றாள். "கேக்குதான்னு பார்த்தேன்."

அவர் கயிற்றை மறுபடி கட்டினார். கட்டி முடித்தும் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"கேக்குதும்மா" என்றார், அப்படியே குனிந்தபடி. "நல்லாக் கேக்குது."

அண்ணி தலையாட்டினாள். முப்பத்தொன்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு முப்பத்திரண்டை எடுத்தாள். அதன் பக்கிளை மூன்று தடவை இழுக்க வேண்டியவள், இழுத்துக்கொண்டே இருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்தேன். கை தொட்டித் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"சரியா இருக்கு அண்ணி" என்றேன். "நான் பார்த்துட்டேன்."

நோட்டைப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் வைத்து, இடது கையாலேயே, முப்பத்திரண்டுக்கு நேராகக் குறி போட்டேன்.